செத்த கரடி நம் சதுப்புக்கு வந்த கதை

ஸ்டோர்மைரன்
ஏப்ரல் 22, செவ்வாய்

என் அன்பு மகள் இல்வாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், ஏன் இல்லை என்பது உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன மாதத்திலிருந்து மூன்று முறை உனக்குப் போன் போட்டேன், மூன்று முறையும் கோட்டு போட்டுக்கொண்டு வெளியே போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பேச்சு என்றால் நடுவில் நழுவிவிடலாம், எழுத்து என்றால் முடியாது என்று இன்று சமையலறை மேசையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போடுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள். ஆற்றில் பனிக்கட்டி உடைந்துவிட்டது, காட்டுக்குள் இன்னும் முழங்கால் அளவு பனி கிடக்கிறது. நம் வேட்டை நாய் தூஸா ஐந்து குட்டி போட்டிருக்கிறாள், ஒன்று மட்டும் சோனி, அப்பா அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே வீடு முழுக்க நடக்கிறார். அவருடைய முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் குட்டியைச் சாக்கு வைத்து நடக்கிறார். சிக்ஸ்டன் மாமா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான். சிக்ஸ்டன் பெயரை எழுதிவிட்டேன், இனி தள்ளிப்போட வழியில்லை.

இல்வா, அந்தக் குப்பியை நீ மாற்றவில்லை. உன் மேசையில் எதுவும் எதோடும் கலக்கவில்லை. செத்த கரடியின் விட்டையைக் குப்பியில் போட்டு, நம் ஊரில் கிடந்தது என்று எழுதி அனுப்பியது நான்.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும், பொறுத்துக்கொண்டு படி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் கணக்கெடுப்பு போன இலையுதிர் காலத்தில் நம் மாவட்டத்துக்கு வந்தது அல்லவா, அதற்கு முன்னால் மாவட்ட வனவிலங்கு அதிகாரி நம் ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார். வேட்டைக்காரர்கள் காட்டில் கிடக்கும் கரடி விட்டையைக் குப்பியில் எடுத்து, இடமும் தேதியும் எழுதி அனுப்ப வேண்டும், எந்த விட்டை எந்தக் கரடியுடையது என்று நீ வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம் சொல்லும், அந்தக் கணக்கை வைத்துத்தான் இனிமேல் வருடத்துக்கு எத்தனை கரடி சுடலாம் என்று முடிவு செய்வோம் என்று பொறுமையாக விளக்கினார். நம் பகுதியில் பதினைந்து கரடி இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, எழுந்து நின்று, “ஆபீஸ்ல உக்காந்து எண்ணுனா பதினஞ்சுதாங்க தெரியும், எங்க காட்டுக்கு வந்து பாருங்க, முப்பதுக்கு ஒண்ணு கொறஞ்சாலும் எம் பேரை மாத்திக்கிறேன்” என்றேன். மண்டபமே கை தட்டியது. பதினெட்டு வருடமாக வேட்டைக்குழுத் தலைவியாக இருக்கிறவள் சொன்னால் சும்மாவா என்று எனக்கே தலை கொஞ்சம் கனத்துப்போயிற்று.

பிறகு குப்பியோடு காட்டுக்குப் போனோம். ஒரு மாதம் அலைந்தும் மொத்தக் குழுவுக்கும் கிடைத்தது பத்தொன்பது குப்பி, அதிலும் பாதி ஒரே சதுப்பின் ஓரத்தில் ஒரே கரடி போட்டதைப்போல இருந்தது. பக்கத்து வீட்டு எஸ்கிலைத்தான் உனக்குத் தெரியுமே, அவன் எல்லோர் முன்னாலும், “என்ன தலைவி, முப்பது கரடிக்கும் ஒரே நேரத்துல மலச்சிக்கலா?” என்று கேட்டான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். எஸ்கில் என்னைப் பார்த்துச் சிரிக்கக் காரணம் உண்டு. நான்கு வருடத்துக்கு முன்னால் அவன் காலையில் போன் போட்டு அந்த வருடத்துக்கான எண்ணிக்கை முடிந்துவிட்டதா என்று கேட்காமலே கரடி வேட்டைக்குப் போனான் என்பதற்காக ஒரு பருவம் முழுக்க அவனைக் குழுவை விட்டு விலக்கி வைத்தவள் நான். அவன் அன்று எதையும் சுடக்கூட இல்லை. விதி என்றால் விதிதான் என்று அன்றைக்கு நான் பேசிய பேச்சு இருக்கிறதே, நினைத்தால் இப்போது காதை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

செப்டம்பரில் சிக்ஸ்டனின் அறுபதாவது பிறந்தநாளுக்குப் போனேன். இங்கிருந்து இருநூறு கிலோமீட்டர், அது வேறு மாவட்டம், அங்கே அந்த வருடம் கணக்கெடுப்பும் இல்லை. அவன் வீட்டுக்குப் பின்னால் நீலப்பழப் புதர் மேட்டில் நடக்கப் போனால் அடிக்கு ஒரு விட்டை கிடக்கிறது. காரில் மீதிக் குப்பிகள் இருந்தன. ஒரு நிமிடம் நின்றேன், ஒரே நிமிடம்தான், அதற்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு குப்பி நிரப்பினேன். சிக்ஸ்டன் வந்து பார்த்துவிட்டு, “ஏக்கா, உங்க ஊர்க் கரடி வராதுன்னு எங்க ஊர்க் கரடியக் கூட்டிட்டுப் போறியா?” என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான், நானும் போடா என்று சொல்லி மூடியைத் திருகினேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றிலும் நம் ஊர் இடம் எழுதினேன், வடக்குச் சதுப்பு, ஆற்று வளைவு, பழைய மரக்கடவு என்று. தேதி செப்டம்பர் 19. எவ்வளவு புதியது என்று ஒரு கட்டம் இருக்குமே, பன்னிரண்டிலும் இன்றையது என்று குறி போட்டேன். அதில் ஒன்று தேவதாரு மரத்தடியில் காய்ந்து கிடந்தது, குச்சியால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது, அது பழசு என்று என் கைக்குத் தெரிந்தும் மண்டைக்கு ஏறவில்லை. அதைப் போட்ட கரடியை ஆகஸ்ட் 21, வேட்டை தொடங்கிய முதல் நாளே சிக்ஸ்டன் குழு சுட்டுவிட்டது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சட்டப்படி அதன் சதைத் துண்டையும் அவர்கள் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அது மட்டுமா, பிறந்தநாள் விருந்தில் சிக்ஸ்டன் வைத்த கரடிக்குழம்பு அதே கரடிதான். நான் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய் அதை உயிரோடு இருப்பதாக எழுதியிருக்கிறேன்.

மார்ச் மாதம் உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் குப்பிகளில் ஒன்று இருபத்தொன்பது நாள் முன்னால் வேறு மாவட்டத்தில் சுடப்பட்ட கரடியோடு பொருந்துகிறது, எங்கள் தரப்பில் மாதிரிகள் கலந்திருக்க வேண்டும், அன்று கையாண்ட மாதிரிகள் அனைத்தையும் மறுபடி சோதிக்கிறோம், தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள், இல்வா. நான் அதை மடித்து ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அன்று மாலையே நீ போன் செய்தாய். அந்த விட்டைக் குப்பியும் சுட்ட கரடியின் சதைக் குப்பியும் ஒரே நாளில் உன் கை வழியாகத்தான் போயிருக்கின்றன என்றாய், எப்படி மாறியது என்று புரியவில்லை, என் கையையே நான் நம்பவில்லை அம்மா என்று அழுதாய். அந்தக் குப்பி எங்கிருந்து வந்தது என்று உனக்கு எப்படித் தெரியும், உங்களுக்கு எண் மட்டும்தானே காட்டுவார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உன்னிடம் என்ன சொன்னேன்? “நீ சின்ன வயசுலேர்ந்தே அவசரக்காரிதான், நல்லா யோசிச்சுப் பாரு” என்றேன். பொய்க்கணக்கு எழுதினதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு இருக்கிற வெட்கத்தைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. நாள் முழுக்க அடுப்பைத் துடைக்கிறேன், துடைத்த இடத்தையே துடைக்கிறேன்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடப் போகிறேன், மே மாதத்தோடு வேலை முடிந்தால் முடியட்டும், எனக்கு இந்த வேலைக்கான கை இல்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதை அப்பா சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி, “நம்ம பொண்ணா? அவளா கலந்திருப்பா?” என்றார். நான் எழுந்து நாய்க்குட்டியைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம். முதல் கணக்கு வந்துவிட்டது, நம் பகுதியில் கரடி எதிர்பார்த்ததைவிட அதிகம், ஐந்து சுடலாம் என்பதை ஒன்பதாக்கச் சொல்லி மாவட்டத்துக்கு மனு எழுத வேண்டும் என்று எல்லோரும் ஒரே உற்சாகம். எஸ்கில் எழுந்து, “நாந்தான் வாயக் குடுத்தேன், தப்பு எம்மேலதான். தலைவி சொன்னா சொன்னதுதான்” என்று என் தட்டில் ஏலக்காய் பன் எடுத்து வைத்தான். அவன் நையாண்டி செய்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. அந்த பன்னை என்னால் தொட முடியவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன், குப்பி, சிக்ஸ்டன் வீடு, குழம்பு, உன் அழுகை எல்லாவற்றையும். யாரும் சிரிக்கவில்லை. எஸ்கில்தான் கேட்டான், “அப்ப இல்வாவுக்கு இது தெரியுமா?” தெரியாது என்றேன். “மொதல்ல அதப் பண்ணு, குழுவ அப்புறம் பாத்துக்கலாம்” என்றான். தலைவி என்று கூப்பிடவில்லை. நானும் அன்றே அந்தப் பொறுப்பை விட்டுவிட்டேன்.

அப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். இப்போதும் காலையில் எனக்குக் காபி ஊற்றி வைக்கிறார், ஆனால் எதிரில் உட்காருவதில்லை, கோப்பையை எடுத்துக்கொண்டு மரக்கொட்டகைக்குப் போய்விடுகிறார். நேற்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், “சுடுறவங்ககிட்டயே எண்ணவும் சொன்னாங்க குன்வோர், நம்மள நம்பித்தான சொன்னாங்க.” ஒரு காலத்தில் இந்த நாட்டிலேயே கரடி அற்றுப்போகிற நிலை வந்து, சுடுவதை நிறுத்தி, பிறகு எண்ணி எண்ணித்தான் இத்தனைக்கு வந்திருக்கிறது. சனிக்கிழமை வடக்குச் சதுப்பில் தடம் பார்த்தேன். வருடாவருடம் அங்கேயே குளிர்காலம் தூங்கும் அந்தக் காது கிழிந்த பெண் கரடி குகையை விட்டு வெளியே வந்துவிட்டது, கூடவே இரண்டு சின்னத் தடம். குட்டியோடு இருக்கும்வரை அதை யாரும் தொட மாட்டார்கள், குட்டிகள் பிரிந்த பிறகு அதுவும் கணக்கில் ஒன்றுதான். ஒன்பது சுடலாம் என்று வந்திருந்தால் அதுவும் போயிருக்கும், நான் குழம்பு தின்றுவிட்டு எழுதிய எண்ணுக்காக.

நேற்றுக் காலை மாவட்ட அதிகாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டினால் தேவலை என்று இருந்தது, திட்டவில்லை, எழுத்தில் கொடுங்கள் என்றார், பன்னிரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு உங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் தெரிவிப்பதாகச் சொன்னார். எனக்கு என்ன தண்டனை என்று பிறகு வரும், வரட்டும். இந்த வருடம் என் துப்பாக்கி அலமாரியை விட்டு வெளியே வராது. இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை உன் மேலதிகாரிக்கும் இதே தபாலில் அனுப்புகிறேன், ஒரு வரியும் விடாமல்.

நீ அவசரக்காரி இல்லை, கண்ணு. ஏழு வயதில் சதுப்பில் மஞ்சள் பழம் பறிக்கப் போனால் நான் இரண்டு வாளி நிரப்பி முடிக்கும்போது நீ அரை வாளிதான் வைத்திருப்பாய், ஆனால் அதில் ஒரு இலை, ஒரு காய் இருக்காது. உன் வாளியைத்தான் அப்படியே ஜாமுக்குப் போடுவேன், என் வாளியை நீதான் உட்கார்ந்து பொறுக்கித் தருவாய். போனில் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அந்த வாளி என் கண் முன்னால்தான் இருந்தது. என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன், அதற்கு உனக்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். கோபம் வந்தால் எனக்கே போன் போட்டுத் திட்டு, அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வேலையில் நிமிர்ந்து நிற்க வேண்டும், உன்னைப் பெற்றவளால் உனக்கு வந்த தலைகுனிவு இதோடு தீர வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. சோனிக் குட்டி பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது, உனக்கென்று வைத்திருக்கிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. பின்பக்கத்தில் பன்னிரண்டு குப்பியின் எண்ணும் அவை உண்மையில் கிடந்த இடமும் எழுதியிருக்கிறேன், என் வேட்டை நாட்குறிப்பில் உள்ளபடியே, அதில் மட்டும் எனக்குப் பொய் எழுத வரவில்லை. அதைச் சரிபார்த்துப் பதிவு செய்வதை வேறு யாரிடமும் கொடுக்காதே, உன் கையாலேயே செய்.

உன் அம்மா
குன்வோர்