பால் டின்னில் விழாத கொட்டை

மந்தின் பக்கத்து ரப்பர்த் தோட்டம்
6 ஜூன் 1943

அன்பு மச்சான் நல்லசாமிக்கு,

உடம்பு சுகம், மானம்தான் போய்விட்டது. உன் தங்கச்சி பஞ்சாலையும் சுகம். அவளைப் பிறகு திட்டுகிறேன்.

உங்கள் தம்பின் ஊர்த் தோட்டத்திலும் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்குத் தலைவர் யார் என்று ஓட்டு வருகிறதாம், எப்படி நடக்கும் என்று கேட்டிருந்தாய். இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஜப்பான்காரன் தலைவரைக் காட்டு என்றானாம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்குப் பயம். "நீங்களே பொறுக்கிக்குங்க, அப்புறம் என்னத் திட்டாதீங்க" என்று எங்களிடம் தள்ளிவிட்டார். அரிசி வந்தால் பங்கு போடுவதுதான் தலைவர் வேலை, வேறொன்றுமில்லை என்றார். நானும் ஆறுமுகமும் நின்றோம்.

காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசை. ஆள் நேரில் வரவேண்டும். காய்ச்சலில் கிடப்பவனுக்காக அவன் பெண்டாட்டி போட்டால் செல்லாது. கிராணி பேர் கூப்பிட்டு, கையில் ஒரு ரப்பர் கொட்டை தருவார். சாக்குப் படுதாவுக்குப் பின்னால் போய்ப் போடவேண்டும். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாதே, அதனால் எனக்குப் பால் டின், ஆறுமுகத்துக்குத் தேங்காய்ச் சிரட்டை. படுதா கண்ணைத்தான் மறைத்தது, மச்சான். டின்னில் விழுந்தால் டிங். சிரட்டையில் விழுந்தால் டொக். வரிசையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

எனக்கு நானே போட வெட்கம். பெரிய மனுசனாய் ஆறுமுகத்துக்குப் போட்டேன். பிறகு டொக், டொக், டொக். பஞ்சாலை உள்ளே போனாள். நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். டொக்! களமே சிரித்தது. ஆறுமுகத்தின் பெண்டாட்டி தாயம்மா சும்மா இருப்பாளா? "என்னண்ணே, ஒங்க வீட்டு ஓட்டே ஒங்களுக்கு இல்லலா!" என்றாள். கடைசிவரை ஒரு டிங் கேட்கவில்லை.

அன்றிலிருந்து உன் தங்கச்சியோடு பேச்சில்லை. அவள் வைக்கும் மரவள்ளிக்கிழங்கை மட்டும் வாய் திறந்து தின்கிறேன்.

டின்னுக்குள் துணி போடச் சொல். அப்புறம், நீ நில்லு மச்சான். நாலு பேரோடு நல்லாப் பேசுகிறவன், ஜெயிப்பாய். குடும்பத்தில் ஒருத்தனாவது தலை நிமிர்ந்து நடக்கட்டும்.

கருவாட்டு வண்டி ஓட்டும் ஹிதாயத்துல்லா ராவுத்தர் கையில் இதைக் கொடுக்கிறேன். நாற்றம் என்னுடையது அல்ல.

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாத
சன்னாசி


தம்பின்
20 ஜூன் 1943

மச்சான் சன்னாசிக்கு,

ஜெயித்துவிட்டேன்! துணி போட்டோம், ஒரு சத்தமும் இல்லை. எனக்கு நிற்கவே ஆசையில்லை. நீ சொன்னாய் என்றுதான் நின்றேன்.

தங்கச்சி செய்ததை மனதில் வைக்காதே. சின்ன வயதிலிருந்தே அவள் அழுத்தக்காரி. காரணம் இல்லாமல் செய்யமாட்டாள், காரணத்தைச் சொல்லவும் மாட்டாள். அண்ணன் தலைவராகிவிட்டான் என்று சொல், சந்தோசப்படுவாள்.

அரிசி இன்னும் வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை தலைவர்களை எல்லாம் சிரம்பானுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிழியாத சட்டை ஒன்று இரவல் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் மச்சான்
நல்லசாமி


மந்தின்
22 ஜூன் 1943

நல்லசாமி,

போகாதே.

ஆறுமுகத்தையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். போனவன் எவனும் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு, இந்தத் தோட்டத்திலிருந்து இருபது பேர் பேரைச் சொல்லச் சொன்னார்களாம். அவன் தன் பேரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா நின்றிருக்கிறான். நேற்று லாரி வந்தது. அவனை ஏற்றினார்கள். கண்ணில் பட்டவர்களையும் ஏற்றினார்கள். தாயம்மா லாரிக்குப் பின்னால் ஓடினாள். நான் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்றுத்தான் பஞ்சாலை வாய் திறந்தாள். கிராணி வீட்டில் பாத்திரம் கழுவும்போது காதில் விழுந்ததாம். "தலைவந்தான் சயாமுக்கு ஆளு பேரு சொல்லணும்னு பேசிக்கிட்டாங்க. ஒங்க வாயால யாரு பேரும் வரவேணாம்னுதான் செஞ்சேன். ஒங்ககிட்ட சொன்னா வாயில நிக்குமா?" என்றாள். எனக்குக் கணக்கு வராது, அரிசியைத் தப்பாகப் பங்கு போட்டுவிடுவேன் என்று லயம் லயமாய்ப் போய்க் கெஞ்சியிருக்கிறாள்.

"அப்போ ஆறுமுகம்?" என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இப்போது தாயம்மா வீட்டுப் பக்கம் நாங்கள் இருவருமே தலை தூக்கிப் பார்ப்பதில்லை. களத்தில் ஊரே சிரித்தபோது பட்டதை வெட்கம் என்று உனக்கு எழுதினேனே, மச்சான், அது விளையாட்டு.

உன் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அண்ணன் சுகம் என்றேன். நில்லு என்று நான் எழுதியதையும், நீ ஜெயித்ததையும் சொல்ல வாய் வரவில்லை. ஓயாத வாய் இது.

சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடு. ராவுத்தர் இப்போதே கிளம்புகிறார். கருவாட்டுக் கூடைக்கு அடியில் படுத்துக்கொண்டு அவரோடு வந்துவிடு, அவர் சரி என்றுவிட்டார். நீ வந்தபின் அவளிடம் எல்லாவற்றையும் உன் முன்னால் சொல்கிறேன்.

பதில் எழுதி அனுப்பாதே, செல்லாது. ஆள் நேரில் வரவேண்டும்.

சன்னாசி