மின்விசிறிக்கும் ஒரு குட் மார்னிங்

9 செப்டம்பர் 2025
மகள் தாமரையை ஆஸ்பத்திரியில் காட்ட இன்னும் இரண்டு வாரம். ஆட்டிசம் என்று டாக்டர் ஃபாரத்தில் எழுதினால்தான் ஓகேயு கார்டு, மாற்றுத்திறனாளி அட்டை. கார்டு இருந்தால்தான் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ். ஜனவரிக்கு ஒரே ஓர் இடம் இருக்கிறதாம். அக்டோபர் முடிவதற்குள் ஃபாரம் கொடுக்க வேண்டும்.

டாக்டர் முன்னால் பிள்ளை மரியாதையாக இருக்க வேண்டாமா? கை கட்டி உட்காரவும், "குட் மார்னிங் டாக்டர்" சொல்லவும் பழக்குகிறேன்.

23 செப்டம்பர்
அடி முட்டாளே, சந்திரகலா.

கை கட்டி, கால் ஆட்டாமல் உட்கார்ந்தாள். குட் மார்னிங்கும் சொன்னாள். "நல்லாத்தானே இருக்காம்மா, ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார் டாக்டர். ஃபாரம் காலியாகத் திரும்பி வந்தது.

ஏழு வருடமாக எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பெரியம்மா கண்ணில் படாமல் இவள் உதறிக்கொண்டே இருக்கும் கையை என் மடியில் அழுத்திப் பிடித்தவள்தானே நான். பழக்கம், வேறென்ன.

26 செப்டம்பர்
கெஞ்சியதில் அக்டோபர் 14 கிடைத்தது. வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். அவருக்கும் யோசனை வருகிறது. "அன்னைக்கு அவ எந்நேரமும் கையில வச்சிருக்கிற நீல வாளிய எடுத்துட்டுப் போகாத. கத்துவா."

பிள்ளை கத்த வேண்டும் என்று கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்தேன். உலகத்தில் எந்தத் தாயாவது இப்படி வேண்டியிருப்பாளா?

14 அக்டோபர்
கத்தவில்லை. வாளி இல்லாமலே கை கட்டி உட்கார்ந்து, "குட் மார்னிங் டாக்டர்". டாக்டர் சிரித்தார். எனக்குத் தாங்கவில்லை.

"இது ஒன்னுதான் டாக்டர் அவளுக்குத் தெரியும். நான் சொல்லிக் கொடுத்தது. பசிக்குதுன்னு சொல்லத் தெரியாது. என்னை அம்மான்னு கூப்பிட்டதே இல்ல."

யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்து தாமரை மின்விசிறிக்கு குட் மார்னிங் டாக்டர் சொன்னாள். பிறகு கதவுக்கு. எடை மெஷினுக்கு. மறுபடி மின்விசிறிக்கு, பதினோரு தடவை.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

20 நவம்பர்
கார்டு வந்தது. போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்லிப் பழக்கவில்லை.

25 ஜனவரி 2026
தாமரை ஸ்பெஷல் கிளாஸ் போக ஆரம்பித்து இரண்டு வாரம். இன்று கிள்ளானில் சொந்தக்காரர் கல்யாணம். மத்தியானம் இரண்டு மணிக்கு மேசை மேசையாகப் போய் குட் மார்னிங் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு என்ன கலா?" என்று பெரியம்மா கேட்டார். ஓடிப்போய் தாமரையின் கையைப் பிடிக்க எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

"ஆட்டிசம், பெரியம்மா. ஸ்பெஷல் கிளாஸ் போறா."

அதற்குள் தாமரை எங்கள் மேசைக்கே வந்து, அவர் முன்னால் கை கட்டி நின்றாள்.

பெரியம்மா எச்சில் கையை இலையிலேயே வைத்துவிட்டு, "குட் மார்னிங்டா கண்ணு" என்றார்.