கரை உச்சியில் ஒரு பெயர்ப்பலகை

பிப்ரவரி 6
"பியூரா ஆற்றங்கரை மக்களே! பாடுபட்டவர் கையில் சேறு. பார்க்கக்கூட வராதவர் பெயரில் பலகை. அடுக்குமா இது?" இன்றைய கூட்டத்தை இப்படித்தான் தொடங்கினேன். ஆட்டோக்காரர்கள் கழித்துப்போட்ட டயர்களில் மண்ணை இடித்து நிரப்பி, கிழிந்த மீன்வலையால் பிணைத்து, ஆறு அரிக்கும் வளைவில் அடுக்கிக் கரை எழுப்பியவர்கள் நாங்கள். நகராட்சி தந்தது ஒரு பலகை. நகராட்சித் தலைவரின் சிரித்த படத்தோடு, வீட்டுச் சுவர் அளவு!

பிப்ரவரி 11
திறப்பு விழா. தலைவர் எவரிஸ்தோ, நாடா கட்டிய மதுப்புட்டியைச் சிறு சுத்தியலால் உடைத்து, ஊர் வழக்கப்படி கரைக்கு ஞானத்தந்தை ஆனார். பிள்ளையை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்! பிறகு, டயர்களைப் பெயர்த்து, கரையின் உச்சியிலேயே குழி தோண்டிப் பலகையின் இரும்புக் கால்களை நட்டார்கள்.

பக்கத்து வீட்டு எர்மெலிந்தா கத்தினாள்: "ஐயா, கரையில ஓட்டை போடாதீங்க! அந்த மேட்டுல நட்டுக்கோங்க!"

"அங்க நட்டா பாலத்துல போறவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் தலைவர்.

"இங்க நட்டா தண்ணிக்குத் தெரிஞ்சிடும்யா."

மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பேச எழுந்தேன், ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 20
மழை.

பிப்ரவரி 26
காற்றில் பலகை ஆடுகிறது. ஆட ஆடக் குழி அகல்கிறது. கரைக்குப் பாய்மரம் கட்டிய அறிவாளிகள் வேறெந்த நாட்டில் உண்டு? நகராட்சிக்குப் போய் முறையிட்டேன்.

"தலைவர் பேரு போட்ட பலகைம்மா. அவரு வராம யாரு தொடுறது?" என்றார் எழுத்தர்.

அவரோ தலைநகர் லீமாவில். ஆறும் அனுமதி கேட்டுத்தான் வருமோ?

மார்ச் 2
காலையில் பலகையின் இடக்கால் குழி வழியே நீர் பீறிட்டது. இப்பால் எங்கள் வாழைத்தோப்புகள், பள்ளிக்கூடம், வீடுகள் – போட்ட மண்மூட்டை எல்லாம் அடிச்சிட்டுப் போகுது, என்ன செய்ய, என்னதான் செய்ய?

எர்மெலிந்தா என் தோளை உலுக்கினாள். "அக்கா, மேடையில பேசினது போதும். இந்த முனையப் பிடி!"

பிடித்தேன். ஊரே கூடிப் பலகையைக் கழற்றி, ஆற்றுப் பக்கமாக இறக்கி ஓட்டையின் மேல் சாத்தினோம். வெள்ளமே அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. மேலே டயர்களை அடுக்கினோம்.

மார்ச் 3
கரை நிற்கிறது. சேற்றுக்குள் தலைவரின் படம் பல்லைக் காட்டியபடி கிடக்கிறது. இந்த ஊருக்கு அவர் உழைத்த முதல் நாள் நேற்றுதான்.

ஆனால் ஆற்றின் அடுத்த வளைவும் கரையத் தொடங்கிவிட்டது. மாலைக் கூட்டத்தில் சொல்லப்போவது இவ்வளவே:

தலைவரே! நெடுஞ்சாலை நெடுகிலும் உங்கள் பலகைகள் வேலையின்றி நிற்கின்றன. அத்தனையையும் இன்றே இங்கே அனுப்புங்கள்!