கூப்பிடாமல் இருந்த பன்னிரண்டு நாள்

ஜீவிதாவுக்கு,

புயல் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. பீர்க்கன்கரணை வீட்டில் சேற்றையெல்லாம் அள்ளிவிட்டேன். தண்ணீர் நின்ற கோடு மட்டும் சுவரை எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. பாப்பாவின் பள்ளிக்கூடப் பை காய்ந்துவிட்டது. கூடுவாஞ்சேரியில் உன் அம்மா வீட்டில் அவள் நன்றாகத் தூங்குகிறாளா?

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கொஞ்சம் மேகம் கறுத்தாலும் ஏரிக்கரைக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். திரும்பி வந்து, கழுவின தரையையே மறுபடி கழுவுகிறேன்.

பக்கத்து வீட்டு எல்லம்மா அக்கா நேற்று கேட்டேவிட்டார். "இன்னா தம்பி, எத்தினி வாட்டி கழுவுவ? போய் அவங்கள இட்டுகினு வா."

"வரமாட்டாங்கக்கா."

"நீ கூப்டியா?"

கூப்பிடவில்லை.

புயலன்று மதியமே நீ மூன்று முறை, "கிளம்பிடலாம்" என்றாய். "இங்கெல்லாம் தண்ணி வராது" என்று சொல்லிவிட்டு நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மார்பளவுத் தண்ணீரில் மீட்புப் படகை நோக்கி நடந்தபோது பாப்பா என் தோளில்தான் இருந்தாள். ஆனால், "செத்துடுவோமாம்மா?" என்று உன்னிடம்தான் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். இதைச் சொல்ல இத்தனை நாள் ஆகிவிட்டது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி வீடு பார்த்திருக்கிறேன். நீ பார்க்காமல் சரி சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். பாப்பா கதவைத் திறக்காவிட்டாலும், திறக்கிறவரை வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா