அத்தை வீட்டுக் குடைமிளகாய்

கொழிஞ்சாம்பாறை,
பிப்ரவரி 22

அன்புள்ள பின்சி கண்ணு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளை ஜோமோனும், உள்ளே இருந்து உன்னை உதைக்கிற அந்தச் சின்ன ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் உன் பிரசவப் பேச்சை எடுத்தாலே நான் ஏதாவது குத்திப் பேசிவிடுகிறேன், நீயும் சரிம்மா அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுகிறாய். பக்கத்தில் சௌதாவின் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஷிஜு லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் இதையும் கொஞ்சம் கடலையுருண்டையும் கொடுத்தனுப்புகிறேன். உருண்டையைத் தின்றுகொண்டே படி, கோபம் குறையும்.

கல்லறைத் திருநாளுக்கு உன் புஷ்பமேரி அத்தை இடுக்கியிலிருந்து வந்தாள் அல்லவா, அன்றைக்கு நடந்ததை உனக்கு நான் சொல்லவில்லை. கல்லறைக்கு மெழுகுதிரி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு பை நிறையக் குடைமிளகாய் எடுத்து வைத்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஒவ்வொன்றும் என் இரண்டு கை சேர்ந்தாற்போல இருந்தது. எஸ்டேட் லயத்தில் தன் வீட்டு வாசலில் சாக்கில் வைத்ததாம். நான் ஒண்ணுமே பண்ணல அண்ணி, அதுபாட்டுக்குக் காய்ச்சுத் தள்ளுது என்றாள். அந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதிலிருந்து அவள் வாயில் நம் ஊர்ப் பேச்சே இல்லை. பிறகு காப்பியை ஆற்றிக்கொண்டே, பின்சி பிரசவத்துக்கு மலைக்கு எங்க வீட்டுக்குத்தான் வாரேன்னு சொல்லியிருக்கா, இந்த வெக்கையில புள்ளத்தாச்சி எப்படிக் கிடப்பா, பாவம் என்றாள். எனக்கு அதுவரை அந்தச் செய்தி தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் பிடிக்கவில்லை. ஆமாமா, சொன்னா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குடைமிளகாயை நறுக்கினேன். உன் அப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

அந்த வாரமே பொள்ளாச்சி பஸ் ஏறிப் போய் நாற்றங்காலில் குடைமிளகாய் நாற்று வாங்கி வந்தேன். ஏன் என்று கேட்காதே. அவள் மலையில் காய்ப்பது என் வெயிலிலும் காய்க்கும் என்று யாருக்காவது காட்ட வேண்டியிருந்தது. நல்ல வெயில் விழுற இடமாப் பார்த்து வைங்க அண்ணி என்று அத்தை சொல்லியிருந்ததால், சிமென்ட் சாக்குகளில் மண் நிரப்பி மொட்டைமாடியில் வைத்தேன். செடி வந்தது, பூவும் வந்தது. மார்கழியில் வாளையார்க் கணவாய்க் காற்று வீசியதும் பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. தப்பிய ஒரே காயின் முதுகில், வெந்நீர் பட்டாற்போல வெள்ளையாக ஒரு திட்டு விழுந்து, அது காகிதமாகி, அழுகியும் போயிற்று. அவள் வேண்டுமென்றேதான் வெயில் என்று சொன்னாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் போன் போட்டுக் கேட்டும்விட்டேன். ஐயோ அண்ணி, இங்க மூடுபனியில வெயிலுக்குத்தான நாங்க தவம் கிடக்கோம், கொஞ்சம் வெயில் கிடைச்சாத்தான காய்க்கும், உங்க ஊரு வெயில நெனச்சுப் பாக்கலயே என்று சிரித்தாள். இதே ஊரில் பிறந்தவள், இந்த வெயிலையே மறந்திருக்கிறாள். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. உன் அத்தை நல்லவள், கண்ணு. எனக்குக் கஷ்டமே அதுதான். கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

வாசகசாலைக்கு நாவல் எடுக்கப் போனவள் காய்கறிப் புத்தகத்தோடு திரும்பினேன். வெக்கை கூடினால் இந்தச் செடி தன் பூவைத் தானே உதிர்த்துவிடுமாம். சாக்குகளைக் கிணற்றடிக்கு இறக்கினோம். அங்கே காலை வெயில் மட்டும்தான் வரும். காற்றுக்குக் கிழக்கே ஒரு கீற்றுத் தட்டி, மேலே என் பழைய மெல்லிசு வாயில் சேலை, அடியில் மண் தெரியாமல் நிலக்கடலைத் தோல், காலையும் சாயங்காலமும் தண்ணீர். உன் அப்பா தட்டியைக் கட்டிக்கொண்டே, ஏம்புள்ள, நாலு அவரை வெத போட்டிருந்தா இந்நேரம் காச்சே ஓஞ்சிருக்கும் என்று முனகினார். சௌதா எட்டிப் பார்த்துவிட்டு, என்னக்கா, மொளகாச் செடிக்குக் காதுகுத்தா, பந்தல் போட்டு வெச்சிருக்கீங்க, எங்களுக்குப் பிரியாணி உண்டா என்றாள். சிரிக்கட்டும். இப்போது பூ நிற்கிறது. காயும் பிடித்திருக்கிறது. அத்தையுடையதில் பாதிகூட இல்லை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் தோல் கெட்டியாக, ஒரு திட்டு இல்லாமல் இருக்கிறது. அப்பா சமையலுக்குக் கேட்டார், தரவில்லை.

அந்தச் சேலை நிழலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. செடி என்மேல் கோபித்துக்கொண்டு பூவை உதிர்க்கவில்லை, அதற்கு வெயில் தாங்கவில்லை, அவ்வளவுதான். நீயும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, வெக்கைக்குப் பயப்படுகிறாய். மஸ்கட்டில் இருக்கிறவளுக்கு நம் ஊர் வெயில் ஆகாதா என்று நான் உன்னைக் குத்திக் காட்டினேன். நீ அங்கே ஏசியை விட்டு இறங்குவதில்லை என்பது தெரிந்தேதான் பேசினேன். அதனால் வடக்கு அறையை உனக்கென்று ஒழித்திருக்கிறேன். மேலே மாடிக்கு வெள்ளை அடித்து, ஓலை பரப்பியாயிற்று. ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி சொல்லியிருக்கிறேன். ஏசியும் வைக்கலாம் என்கிறார் அப்பா. அத்தையின் எஸ்டேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வளைந்து வளைந்து இறங்க வேண்டும், இங்கே பாலக்காட்டு ஆஸ்பத்திரி கிட்டத்திலேயே இருக்கிறது. ரோடு நல்ல காரணம்தான், யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். ஆனால் உன்னிடம் மறைப்பானேன், எனக்கு ரோட்டைவிடப் பொறாமைதான் பெரிது. நீ அவள் வீட்டில் தங்கி நர்சிங் படித்த வருஷமெல்லாம் உன்னை அவளுக்குக் கொடுத்தேன். காய்ச்சல் என்றால் அவள் கஞ்சி, அழுகை என்றால் அவள் மடி. தலைப்பிரசவத்தையும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஏழாம் மாதம் மாப்பிள்ளை வீட்டுக்குக் கட்டுச்சோறு கட்டி எடுத்து வந்து உன்னை அழைத்துப் போகிறவள் நான். வேண்டுமானால் அத்தையும் இங்கே வந்து இருக்கட்டும், மறந்துபோன வெயிலைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

இதையெல்லாம் படித்த பிறகும் மலைக்குத்தான் என்றால், போ. நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவேன். அவள் சமைக்கட்டும், அவள் சாம்பிராணி போடட்டும். குழந்தைக்கு முதல் தண்ணீர் ஊற்றும் கை என்னுடையது, அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். மாதா உன்னையும் உன் வயிற்றையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. எந்த முடிவாக இருந்தாலும் சரி, அதை முதலில் எனக்குச் சொல். அத்தைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
செலின் சூசையப்பன்