பூனை நட்சத்திரமும் தறிக்குழி எலிகளும்

காஞ்சிபுரம்
5.7.2025

செல்வி கீர்த்திக்கு,

தினேஷின் அப்பா சபாபதி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் நலமும், ஐயம்பேட்டையில் உன் தாய் தகப்பனார் நலமும் அறிய ஆவல்.

தினேஷ் உன்னைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டான். எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற பெண் என்றதும் என் மனைவி வள்ளி சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டில் தறி நின்றுபோனது. உன்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுடையதும் நெசவுக் குடும்பம், நீயும் படித்த பெண். ஆனால் ஜாதகம் இடிக்கிறதம்மா.

நீ புனர்பூசம், அதற்கு மிருகம் பூனை. தினேஷ் மகம், அதற்கு எலி. மற்றப் பொருத்தங்களை முன்னே பின்னே இழுத்துச் சரிக்கட்டிவிடலாம். மிருகப் பொருத்தம் மட்டும் கூடவே கூடாது என்று ஜோசியர் அடித்துச் சொல்லிவிட்டார். (அதற்கு அவர் சொல்லும் பெயர் வேறு. பெண்பிள்ளைக்கு எழுதக் கூச்சமாக இருப்பதால் இப்படி எழுதுகிறேன்.) எலியும் பூனையும் ஒரே வீட்டில் இருந்தால் எலியின் கதி என்ன என்று உனக்கே தெரியும். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. மனதில் பயம் வந்துவிட்டது, பொய் சொல்ல விரும்பவில்லை.

நேரில் சொன்னால் என் குரல் உயர்ந்துவிடும், அதனால்தான் கடிதம். உனக்கு நல்ல இடமாக அமைய ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆ. சபாபதி


சென்னை
13.7.2025

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

கீர்த்தியின் வணக்கம். ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்வதற்கு இவ்வளவு மரியாதையாக யாரும் கடிதம் எழுதமாட்டார்கள். படித்ததும் இப்படி ஒரு மாமனார் கை நழுவுகிறாரே என்றுதான் முதலில் அழுகை வந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மனதாரச் சம்மதிக்காமல் கல்யாணம் கிடையாது என்று நானும் தினேஷும் முடிவு செய்திருக்கிறோம். எங்கேயும் ஓடிப்போகமாட்டோம், மிரட்டமாட்டோம். உங்கள் தலை அசையாவிட்டால் அவ்வளவுதான். அது எனக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது எலி விஷயம். எலிக்காய்ச்சல் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கிருமி எலியின் உடம்பில் குடியிருந்து, அதன் மூத்திரத்தோடு ஈரத்தில் இறங்கி, மனிதருக்கு வருகிறது. வேடிக்கை என்னவென்றால், ஒரே வளையில் பிறந்த எலிகளில் ஒன்று கிருமியைச் சுமக்கிறது, இன்னொன்று சுமப்பதில்லை. தாய் தகப்பனிடமிருந்து வந்த நோய் எதிர்ப்பு மரபணுக்கள் ஒரு காரணமா? குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் கிருமியை எதிர்க்க உதவுகின்றனவா? இதுதான் என் ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்து வெள்ளெலி எனக்கு உதவாது. தன் இஷ்டத்துக்குத் திரிகிற எலி வேண்டும்.

உங்கள் வீட்டில் கால் இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறிக்குழிகளில் எலி ஏராளம் என்று தினேஷ் சொன்னான். எனக்குச் சம்மதம் தராவிட்டாலும், என் கூண்டுகளுக்காவது தருவீர்களா?

அன்புடன்,
கீர்த்தி


காஞ்சிபுரம்
20.7.2025

கீர்த்திக்கு,

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. எலிப் பேச்சு எடுக்கத் தடையில்லை என்று வள்ளி சொல்கிறாள்.

போன வாரம் கூறைப்புடவைக்காகத் தறியில் ஏற்றிய பாவு நூலை எலி நாலு இடத்தில் கடித்துவைத்துவிட்டது. கஞ்சி போட்ட பட்டு அதற்கு முறுக்கு மாதிரி. நானும் வள்ளியும் இழை இழையாகப் பிணைத்து எடுப்பதற்குள் கண் பூத்துப்போனது. ஆகவே கூண்டு வைத்துக்கொள். ஆனால் நீ வரக் கூடாது. பேச்சு முடியாத பெண் வாசற்படி ஏறினால் தெருவில் நாலு விதமாகப் பேசுவார்கள், கெட்ட பெயர் உனக்குத்தான். கூட வேலை செய்கிறவர் யாரையாவது அனுப்பு.

இன்னொன்று. பிடித்த எலிகளை மறுபடி இங்கேயே விடுவீர்களாமே, தினேஷ் சொன்னான். அவன் கேலி செய்கிறான் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆ. சபாபதி


சென்னை
12.8.2025

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். தினேஷ் கேலி செய்யவில்லை. அடையாளம் போட்டு அங்கேயேதான் விடவேண்டும். சில வாரம் கழித்து மறுபடி பிடித்தால்தான் எது கிருமியைத் துரத்தியது, எது துரத்தவில்லை என்று தெரியும். மன்னியுங்கள்.

என்னோடு வேலை செய்யும் ஜான்சன் அண்ணன் உங்கள் வீட்டு எலிகளின் புழுக்கையையும் ரத்தத் துளியையும் கொண்டுவந்தார். முடிவைப் பார்த்து ஆய்வுக்கூடமே கூடிவிட்டது. காஞ்சிபுரத்தில் வேறெந்த வீட்டு எலிக்கும் இல்லாத அதிசயம்: உங்கள் வீட்டு எலிகளின் குடலில் மட்டும் தயிர் பாக்டீரியா கொட்டிக் கிடக்கிறது. புதிய கண்டுபிடிப்பு என்று என் பேராசிரியை குதித்தார். எனக்கு மட்டும் சந்தேகம். தினேஷை விசாரிக்கச் சொன்னேன். ஜான்சன் அண்ணன் வருவதற்கு முன், விடியற்காலையிலேயே, வள்ளி அம்மா கூண்டு கூண்டாகத் தயிர்ச்சாதம் வைத்திருக்கிறார்கள்! "நம்ம வூட்டுல ஒரு ஜீவன் பசியில கத்திக்கினு இருக்குது, நமக்கு எப்படிபா சோறு எறங்கும்?" என்றார்களாம். இப்படிப்பட்டவரிடம் எப்படிக் கோபிப்பது? ஆனால் அந்தப் புழுக்கை எதற்கும் உதவாது, மறுபடி எடுக்கவேண்டும். ஜான்சன் அண்ணனுக்கு அம்மை போட்டிருக்கிறது. நான்தான் வரவேண்டும். அனுமதியுங்கள்.

மரபணு முடிவு கெட்டுப்போகவில்லை. ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். எதிர்ப்பு மரபணுக்கள் தன்னுடையவற்றைப் போல இல்லாத துணையைத் தேடும் வழக்கம் எலி இனத்தில் சிலவற்றுக்கு உண்டு என்கிறார்கள். அப்படிச் சேர்ந்தவற்றின் குட்டிகள் பலவிதமான நோயையும் தாங்கும். வேறாக இருப்பதே அங்கே பொருத்தம். மனிதருக்கும் அப்படித்தான் என்று இதுவரை உறுதியாகவில்லை. அதைச் சொல்லி உங்களை ஏமாற்றிச் சம்மதம் வாங்கமாட்டேன்.

கடைசியாக ஒன்று, இது விளையாட்டில்லை. உங்கள் வீட்டு எலிகளில் சில கிருமி சுமக்கின்றன. தறிக்குழியில் ஈரம் தங்கவிடாதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் குழியில் இறங்காதீர்கள். கூண்டைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவும்படி அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
கீர்த்தி


காஞ்சிபுரம்
24.8.2025

அன்புள்ள கீர்த்திக்கு,

தெருப் பேச்சைப் பார்க்காமல் உன்னை வரச் சொன்னேன். நீ வந்துபோன நாளிலிருந்து வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நானும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

உன் கடிதத்தை ஜோசியரிடம் எடுத்துப்போய்ப் படித்துக்காட்டினேன். அவர், "எலிங்களுக்கு ஏதுபா ஜாதகம்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். அதனால் மரபணு என் மனதை மாற்றியது என்று எழுதமாட்டேன். அது எனக்குப் பாதிதான் புரிந்தது. உன் ஜாதகம் பூனை, என் பிள்ளை ஜாதகம் எலி. அதை இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆனால் அன்று காலையில் நான் பாவு பிணைப்பது போல் பாவனை செய்துகொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையுறை போட்டுக்கொண்டு தறிக்குழி ஓரம் உட்கார்ந்தாய். கொழுத்த எலி ஒன்றைக் கூண்டிலிருந்து துணிப்பைக்குள் விட்டுப் பிடித்தாய். அது துடித்தது. "பயப்படாத ராஜா, தோ முடிஞ்சிடுச்சிபா, தோ முடிஞ்சிடுச்சி" என்று அதனிடம் பேசிக்கொண்டே காது நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்தாய். பிறகு குனிந்து வளை வாசலில் விட்டாய். அது ஓடவில்லை. நின்று மீசையைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாக உள்ளே போனது. என் பட்டைக் கடித்த திருடன் அவன். எனக்குக் கையில் கிடைத்திருந்தால் வேறு கதை.

பூனை கையில் எலி அகப்பட்டு, தடவிக்கொடுக்கப்பட்டு, வீடு திரும்பியதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இதற்கு மேல் நான் எதைப் பயப்படுவது? என் பிள்ளை உன்னிடம் பத்திரமாக இருப்பான். நான்தான் உன்னைத் தேவையில்லாமல் அழவைத்துவிட்டேன். அன்று திரும்பிப் போகும்போது நீ சிரித்துக்கொண்டே போனாய், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வள்ளியைப் பற்றி ஒரு புகார். நீ போன மறுநாள் அவளே ஒரு கூண்டை வாங்கிவந்து வைத்து, உள்ளே தயிர்ச்சாதமும் வைத்திருக்கிறாள். கேட்டால், "புழுக்கை கெட்டுப்போனாத்தானேபா அந்தப் பொண்ணு மறுபடி வரும்" என்கிறாள். முதல் தடவை வைத்தது வெறும் இரக்கமா என்றே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள்.

ஆவணி பிறந்துவிட்டது. புதன்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. அது முடிந்ததும் வெள்ளிக்கிழமை உன் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வா. தாம்பூலம் மாற்றிக்கொள்வோம். உன் கூறைப்புடவைக்கு அரக்கு நிறத்தில் பாவு ஏற்றிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான், ஆனால் நேற்றுக் காலை எழுந்ததும் கை நிற்கவில்லை.

இந்தப் பாவில் ஒரு எலி வாய் வைத்தாலும் உன் ஆராய்ச்சி எலியாயிற்றே என்று நான் பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் மாமா
சபாபதி