டாக்டரம்மா காருக்கு எந்த பல்பு

மேசைமேல் உன் காரின் வலது பக்கத்து முன் விளக்கின் செனான் பல்பு கிடக்கிறது. எரிந்து முடிந்த பல்பு. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதன் கண்ணாடியில் ஓரிடத்தில் மட்டும் பால்வெள்ளையாக ஒரு திட்டு. மூக்கருகே கொண்டுபோனால் லேசாகத் தீய்ந்த வாடை. வீட்டுக்கு வந்ததிலிருந்து நாலைந்து தடவை மோந்து பார்த்துவிட்டேன். யாராவது பார்த்தால் மனுசனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

நீ போன பிறகு கார் நம் திருநகர் வீட்டு வாசலில் சும்மாதான் நிற்கிறது. பேட்டரி இறங்கிவிடாமலிருக்க வாரத்துக்கு ஒருநாள் காலையில் காலி ரோட்டில் பழங்காநத்தம் வரை உருட்டிக்கொண்டு போய்த் திரும்புவேன், அவ்வளவுதான். "அம்மா இல்லாத வீட்ல அது எதுக்குப்பா, உங்களுக்கு ஸ்கூட்டர் போதாதா?" என்று மகள் சென்னையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. விற்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, தெரியவில்லை என்று மகளிடம் சொல்லவும் தெரியவில்லை. இந்த நேரம் பார்த்து வலது விளக்கு அணைந்துபோனது. ஒற்றைக் கண்ணோடு வண்டியைக் காட்டினால் வருகிறவன் நொட்டை சொல்வானே என்று நேற்று பைபாஸ் ரோட்டில் ஒரு பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

பல்பு வேண்டும் என்றேன். எஸ்ஸா, ஆரா என்று கேட்டான் கடைக்காரன். பேந்தப் பேந்த முழித்தேன். விளக்குக்குள் உருண்டைக் கண்ணாடி இருந்தால் எஸ், இல்லாவிட்டால் ஆர் என்றான். பத்து வருசமாக உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் நான், அந்த விளக்கை ஒருநாளாவது குனிந்து பார்த்திருக்கிறேனா? வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து எஸ் என்றேன். அடுத்து நம்பர் நாலாயிரத்து முந்நூறா, ஆறாயிரமா, எட்டாயிரமா என்றான். பெரிய நம்பர் பெரிய வெளிச்சம் தரும் என்று எட்டாயிரத்தைக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். "நம்பர் ஏற ஏற நெறந்தேன் சார் மாறும். எட்டாயிரம் நீலமா எரியும், மழையில ரோடே தெரியாது." ஒன்று போதுமா இரண்டும் மாற்ற வேண்டுமா என்று கேட்டதற்கு, அவன் என்னையே திருப்பிக் கேட்டான்: "விக்கிறதுக்கா, ஓட்டுறதுக்கா சார்?"

விற்பதற்கென்றால் ஒரு மலிவான பல்பை மாட்டி ஒப்பேற்றிவிடலாமாம். ஓட்டுவதற்கென்றால் நல்லதாக இரண்டும் மாற்ற வேண்டுமாம். பழையது நிறம் மங்கிப்போயிருக்கும், ஒன்றை மட்டும் மாற்றினால் ரோட்டில் இரண்டு வெளிச்சம் இரண்டு விதமாக விழும் என்றான். முப்பது வருசம் பத்திரப் பதிவு ஆபீசில் எத்தனை பேரிடம் "விற்கச் சம்மதமா" என்று கேட்டிருப்பேன். என்னிடம் ஒருத்தன் கேட்டதும் வாரேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்துவிட்டேன்.

நீ இந்தக் காரைப் பழையதாக வாங்கிக்கொண்டு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்தில் மாடு வளர்க்கிற சம்சாரிகள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "மாட்டு டாக்டருக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பெரிய காரு? கன்னுக்குட்டியப் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போகவா?" என்று கேலி பேசினார்கள். அப்படிப் பேசியவரின் தொழுவத்தில்தான் அந்த ஆனியில் பசு கன்று போட முடியாமல் கிடந்தது. இருட்டுக் கட்டுகிற நேரம், கரண்டு வேறு போய்விட்டது. நீ காரைத் தொழுவத்துக்கு நேராகத் திருப்பி நிறுத்தி விளக்கைப் போட்டாய். என்னை ஸ்டீரிங் முன்னால் உட்காரவைத்து, "பயமா இருந்தா கண்ண மூடிக்கங்க, எஞ்சின மட்டும் அணைச்சிறாதீங்க" என்று சொல்லிவிட்டு முழங்கை வரை கையுறையை இழுத்துக்கொண்டு போனாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டுத் திறந்தால், அந்த வெள்ளை வெளிச்சத்தில் ஈரத்தோடு ஒரு கிடேரிக் கன்று நின்றது. உன் சேலை முழுக்க ரத்தம். அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை, சொல்லத்தான் இல்லை.

இன்று காலை காரைச் சமயநல்லூருக்கு, உன் மெக்கானிக் பாண்டியிடம் ஓட்டிக்கொண்டு போனேன். அவன் வலது பல்பைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தான். "இந்த வெள்ளையப் பாத்தீகளா? கண்ணாடியில என்னமோ பட்டுருக்கு. அந்த எடம் சூடேறி வெந்துபோச்சு." எனக்குச் சுருக்கென்றது.

போன ஆயுத பூஜை. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாடியில் படுத்திருந்தாய். வருசா வருசம் ஸ்டீரிங், ஊசிப் பெட்டி, முன் விளக்கு எல்லாவற்றுக்கும் நீதான் பொட்டு வைப்பாய். அந்தத் தடவை என் தலையில் விழுந்தது. பாண்டி நம் வீட்டுக்கே வந்து புது பல்பு இரண்டும் மாட்டினான். "கண்ணாடியத் தொட்றாதீங்க, கையில உள்ள எண்ணெ பட்டாலே போச்சு" என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். நான் தொடவில்லை. புதுப் பொருள் பொட்டில்லாமல் உள்ளே போகக்கூடாதே என்று, வெற்றிலைக் காம்பால் சந்தனம் தொட்டுப் பல்பு மேலேயே வைத்தேன். நான் கிண்ணத்தோடு வருவதற்குள் இடது பல்பை மாட்டிவிட்டான், அது தப்பித்தது. பத்திரத்தை வார்த்தை பிசகாமல் படிப்பது போல, கை படக்கூடாது என்று மட்டும்தானே சொன்னாய் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்தனத்துக்கு ஒரு அளவில்லையா?

"நீ அப்பவே தொடச்சிருக்கலாமே பாண்டி" என்றேன்.

"தொடைக்கத்தேன் போனேன். டாக்டரம்மா மாடி ஜன்னல்ல நின்னு வேணாம்னு கையக் காட்டிட்டாக. சாயங்காலம் போன் போட்டு, 'அவரு ஆசையா வச்சாரு, இருக்கட்டும். கெட்டுப்போனா உன்ட்டத்தேன் வருவாரு, திட்டாம நல்லதா ரெண்டு மாட்டிக் குடு'ன்னாக."

புது பல்பு டப்பாவைப் பிரித்துக்கொண்டே அவனே மேலும் சொன்னான். "சாரு எங்கேம்மா ஓட்டப்போறாருன்னு கேட்டேன். 'ஓட்டுவாரு பாண்டி, பயந்துக்கிட்டே ஓட்டுவாரு'ன்னாக."

எனக்கு இதுதான் விளங்கவில்லை. ஜன்னல் வரை எழுந்து வர உனக்கு எங்கிருந்து தெம்பு வந்தது? ஏன் என்னிடம் சொல்லவில்லை? என் மனசு நோகக்கூடாதென்றா, இல்லை, என்னை வைத்துச் சிரித்துக்கொள்ளவா? உன்னிடம் இரண்டுமே உண்டு. கேட்டால் பதில் சொல்ல நீ இல்லை, அது ஆத்திரமாக வருகிறது. என்மேல் எனக்கே இல்லாத நம்பிக்கையை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதை வாங்கிக்கொண்டு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

பாண்டி நாலாயிரத்து முந்நூறு நம்பரில் இரண்டும் மாட்டினான். விற்கவா ஓட்டவா என்று அவன் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை யாரும் வர வேண்டாம் என்றேன்.

"அப்ப யாருப்பா ஓட்டுவா?" என்றாள்.

"நான்தேன்" என்றேன். குரல் நடுங்கியது, அவளுக்கும் கேட்டிருக்கும்.